வேலூர் கூலர் சென்னையில் ஏன் எடுபடல?

அடுத்த கேள்வி. வேலூர்ல இருந்து சென்னைக்கு வீடு மாத்திட்டு வந்த ஒருத்தர் கேக்கறாரு: "ஊர்ல 40 டிகிரி அடிச்சப்பவே சமாளிச்சோம். இங்க 34தான் காட்டுது, சட்டை முதுகோட ஒட்டிக்குது. கொண்டு வந்த ஏர் கூலரும் ஜில்லுனு காத்து தரமாட்டேங்குது. ரிப்பேரா?"

ரிப்பேர் இல்லைங்க. அங்க இருந்தது வெக்கை, இங்க இருக்கறது புழுக்கம். ரெண்டுக்கும் தனித்தனியா வார்த்தை வச்சிருக்கோம் பாருங்க, சும்மா இல்ல.

நம்ம தோல் வெயில் காலத்துல சுமாரா 35 டிகிரில இருக்கும். வெளிக்காத்து அதை நெருங்கிடுச்சுன்னா, உடம்புச் சூட்டை இறக்க வேர்வையை விட்டா வேற வழியில்ல. ஆனா வேர்த்தா மட்டும் போதாது, அது காயணும். ஒரு லிட்டர் வேர்வை தோல் மேலயே காஞ்சா கிட்டத்தட்ட 580 கிலோ கலோரி சூட்டை இழுத்துக்கிட்டுப் போகும். சொட்டு சொட்டா தரையில விழுந்தா ஒரு பிரயோஜனமும் கிடையாது.

இதோ என் கையில இருக்கற தெர்மாமீட்டரோட குமிழ்ல ஈரத்துணி சுத்தியிருக்கேன். மண்பானை மாதிரிதான். விசிறுனா துணி காய ஆரம்பிக்கும், டிகிரி கீழ இறங்கும். 40 டிகிரி, ஈரப்பதம் 20 சதவீதம்னா இது 23 வரைக்கும் இறங்கும். சென்னை மாதிரி 34 டிகிரி, 70 சதவீதம்னா? 29லயே நின்னுடும். காத்துல ஏற்கெனவே அவ்வளவு ஈரம், இன்னும் வாங்கிக்க எடம் கம்மி. உங்க கூலரும் ஈரத்தைக் காய வச்சுதான் குளுமை தருது. அதால இந்த 29க்குக் கீழ போகவே முடியாது.

கடல்காத்து வந்தா நல்லதுதானேன்னு கேப்பீங்க. டிகிரியைக் குறைக்கும், கூடவே ஈரத்தையும் கொண்டு வரும். அதனாலதான் ராத்திரி பதினோரு மணிக்கும் தலையணை நனையுது.

அதுக்காக வேலூர் வெயில் சாதுன்னு நினைச்சுடாதீங்க. அங்க வேர்வை கண்ணுக்கே தெரியாம காஞ்சுடும். தண்ணி எவ்வளவு போச்சுன்னே தெரியாது, தலை சுத்தும்போதுதான் உறைக்கும்.

கூலரை வித்துடாதீங்க. பம்பை மட்டும் நிறுத்திட்டு, ஜன்னலைத் திறந்து வச்சு, வெறும் ஃபேனா ஓட்டிப் பாருங்க. கதவை அடைச்சுட்டுத் தண்ணி ஊத்தி ஓட்டுனா ரூமுக்குள்ள புழுக்கத்தை நீங்களே ஏத்திக்கிறீங்க.