பள்ளி விட்ட பிறகு பிள்ளை எங்கே?

பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பணிகளுக்கு நடுவே வந்து சிறப்பித்திருக்கும் மேனாள் நீதியரசர் அவர்களே, காவல்துறைக் கண்காணிப்பாளர் அவர்களே, நன்னடத்தை அலுவலர் அம்மையார் அவர்களே, வரவேற்புரையில் என்னைப் பற்றி இல்லாததையெல்லாம் சொன்ன செயலாளர் அவர்களே, கதவுக்குப் பக்கத்திலேயே இடம் பிடித்து உட்கார்ந்திருக்கும் இளைஞர்களே, தாய்மார்களே, அனைவருக்கும் வணக்கம். பொருளாளரை விட்டுவிட்டேன் என்று முன்வரிசையில் சைகை காட்டுகிறார்கள். அவருக்குத் தனி வணக்கம். இந்த ஒலிபெருக்கிக்குப் பணம் கொடுத்தவரே அவர்தானாம்.

குடும்பச் சூழலும் இளம்வயதுக் குற்றமும் என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். மூன்று செய்திகள் சொல்லப் போகிறேன். ஒன்று குடும்பம், இரண்டு நட்பு, மூன்று சட்டம்.

ஒரு பையன் பிடிபட்டால் முதல் கேள்வியே, ‘யார் வீட்டுப் பிள்ளை?’ என்பதுதான். கேட்பதில் தவறில்லை. 1961-இல் தென் லண்டனில் 8, 9 வயதுச் சிறுவர்கள் 411 பேரை எடுத்துக்கொண்டு, அவர்கள் தலை நரைக்கும் வரை பின்தொடர்ந்தார்கள். டொனால்ட் வெஸ்ட் என்ற ஆய்வாளர் தொடங்கினார், டேவிட் ஃபாரிங்டன் தொடர்ந்தார். அந்தக் குடும்பங்கள் எல்லாம் சேர்ந்து வாங்கிய தண்டனைகளில் பாதி, 6 சதவீதத்துக்கும் குறைவான குடும்பங்களுக்குள்ளேயே இருந்தது. ‘பார்த்தீர்களா, எல்லாம் ரத்தத்தில் இருக்கிறது’ என்று ஒருவர் தலையாட்டுகிறார். பொறுங்கள் ஐயா.

அமெரிக்காவில் பாஸ்டனில் குளூக் என்ற ஆய்வாளர் தம்பதி, குற்றம் செய்த 500 சிறுவர்களையும் செய்யாத 500 சிறுவர்களையும் ஒப்பிட்டு 1950-இல் வெளியிட்டார்கள். அந்தப் பழைய தாள்களைப் பின்னாளில் சாம்ப்சன், லாப் என்ற இருவர் தூசி தட்டி மறுபடி கணக்குப் போட்டார்கள். தெரிய வந்தது இதுதான்: வறுமை பிள்ளையை நேராகக் கொண்டுபோய்க் குற்றத்தில் தள்ளுவது குறைவு. பிள்ளை எங்கே இருக்கிறான் என்று பார்க்க ஆளில்லாதது, நினைத்தால் அடி நினைத்தால் செல்லம் என்ற கண்டிப்பு, பெற்றவருக்கும் பிள்ளைக்கும் ஒட்டுதல் இல்லாதது, பெரும்பாலும் இவற்றின் வழியாகத்தான் அது வேலை செய்கிறது. ‘கேளாத கடனும் பாராத பயிரும் பாழ்’ என்று நம் பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். ஆயிரம் பையன்களை அளந்து பார்க்காமலேயே சொன்னார்கள்!

இன்னொன்று. பெற்றோர் பிரிந்துவிட்டால் பிள்ளை கெட்டுப்போவான் என்று அழுத்திச் சொல்கிறவர்கள் உண்டு. அதே லண்டன் ஆய்வில், பிரிந்த பிறகு தாயிடம் வளர்ந்த பையன்கள், சண்டையில்லாத முழுக் குடும்பத்துப் பையன்களைப் போலத்தான் இருந்தார்கள். சேர்ந்தே இருந்து ஓயாமல் சண்டை போட்ட வீடுகளில்தான் தொல்லை கூடியது. பிள்ளைக்காகத்தான் சேர்ந்து இருக்கிறோம் என்று சொல்லிக்கொண்டு தினமும் தட்டை வீசுகிறவர்கள் இதைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

நான் தலைமை ஆசிரியராக இருந்தபோது நடந்ததைச் சொல்கிறேன். பள்ளியின் ஜன்னல் கண்ணாடிகள் ஒவ்வொன்றாக உடைந்துகொண்டே வந்தன. எல்லாம் மாலையில், கதவைப் பூட்டிய பிறகு. நிர்வாகக் குழு கூடியது. தலைவர் மேசையைத் தட்டினார். “குடும்பம் சரியில்லாத பையன்கள் வேலை சார் இது. ஒருத்தன் சிக்கினால் போதும், பள்ளியை விட்டே அனுப்பிவிட வேண்டும்!” தீர்மானம் எழுதிக் கையெழுத்தும் போட்டார். எங்கள் காவலாளி ஒருநாள் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒளிந்திருந்து இரண்டு பேரைப் பிடித்துவிட்டார். ஒரு பையனின் அப்பா சிறையில் இருந்தார். ‘நினைத்தோம்’ என்றார்கள் ஆசிரியர்கள். இன்னொருவன் தலையை நிமிர்த்தவே இல்லை. காவலாளி டார்ச் அடித்துப் பார்த்தால், தலைவரின் மகன்!

தலைவருக்குப் போன் போட்டேன். “என் பையனா? அவன் இந்நேரம் ட்யூஷனில் இருப்பான் சார்” என்றார். காவலாளி ரொம்ப அப்பாவி. பக்கத்தில் நின்று சத்தமாகக் கேட்டார்: “அப்போ இது வேறு யாரோ பையன் போலிருக்கு சார். போலீஸில் கொடுத்துடவா?” அடுத்த கால் மணி நேரத்தில் கார் வந்து நின்றது. எப்போதிருந்து ட்யூஷன் போகவில்லை என்று அப்பா அதட்டினார். அரையாண்டுத் தேர்வு முடிந்ததிலிருந்து என்றான். “ஏண்டா சொல்லவில்லை?” “நீங்க கேட்கவே இல்லையே அப்பா.” கேளாத கடன்! அதற்குள் மற்றப் பையனின் அம்மா வேலை முடிந்து அதே உடுப்போடு ஓடி வந்தார். மகன் யாரோடு சுற்றுகிறான், எந்தப் பாடத்தில் தோற்றான் என்று எல்லாம் அவருக்குத் தெரிந்திருந்தது. மாலை நான்கிலிருந்து ஏழு வரை வீட்டில் ஆள் இல்லை, அது ஒன்றுதான் அவர் செய்த குற்றம். தீர்மானம்? அந்தக் காகிதம் அதற்குப் பிறகு யார் கண்ணிலும் படவில்லை.

ஏன் உடைத்தீர்கள் என்று தனியாகக் கேட்டேன். “பூட்டின மைதானத்தில் ஏறிக் குதித்து விளையாடினோம் சார், பந்து பட்டு உடைஞ்சுது. அப்புறம் அதுவே விளையாட்டாப் போச்சு” என்றார்கள்.

அதனால்தான் போகிற மேடையெல்லாம் இதையே பேசுகிறேன்: பள்ளி மைதானத்தையும் நூலகத்தையும் இரவு ஏழரை வரை திறந்து வையுங்கள். அமெரிக்கப் புள்ளிவிவரத்தில், சிறுவர்கள் செய்யும் வன்குற்றங்கள் பள்ளி நாட்களில் உச்சத்துக்குப் போவது பள்ளி விட்ட உடனே, பிற்பகல் மூன்று மணியை ஒட்டித்தான். ஐஸ்லாந்தில் பிள்ளைகளின் மாலை நேரத்துக்கு விளையாட்டும் இசையும் கொடுத்தார்கள், பெற்றோரையும் கூடவே இழுத்தார்கள். கணக்கெடுத்ததற்கு முந்தைய மாதத்தில் ஒருமுறையாவது போதையேறக் குடித்த 15, 16 வயதுப் பிள்ளைகள் 1998-இல் 42 சதவீதம். 2016-இல் 5 சதவீதம். அது குடி, இது குற்றம், இரண்டும் வேறு என்பார் கண்காணிப்பாளர். சரி, வேறுதான். இரண்டும் நடப்பது அதே யாரும் பாராத மூன்று மணி நேரத்தில்தானே? பாராத பயிரைப் பார்க்க எல்லா வீட்டிலும் ஆள் இருக்க முடியாது. பூட்டின் சாவி நம் கையில் இருக்கிறது.

செலவுக்கு என்ன செய்வது என்கிறார்கள். ஒரு காவலாளி, இரண்டு விளக்கு, முறை வைத்து வரும் நான்கு பெற்றோர். குற்றம் செய்த பிள்ளைகளை வைக்கும் சிறுவர் இல்லம் நடத்துவதற்கு ஆகும் செலவோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள்.

நேரமாகிவிட்டது என்று செயலாளர் சீட்டு அனுப்பியிருக்கிறார். நட்பைப் பற்றிச் சொல்ல நினைத்ததில் பாதி அந்தக் கண்ணாடிக் கதையிலேயே வந்துவிட்டது. சட்டத்தைப் பற்றி நீதியரசர் அவர்களே பேசவிருக்கிறார். அவர் முன்னால் நான் பேசுவது மரியாதையும் ஆகாது. மைதானக் கோரிக்கை மனு வாயில் மேசையில் இருக்கிறது, கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள். தலைமை ஆசிரியர்கள் இரண்டு படிவம் எடுத்துக்கொள்ளுங்கள், ஒன்று உங்கள் பள்ளியின் நிர்வாகக் குழுத் தலைவருக்கு. நன்றி, வணக்கம்.