மோட்டார் நின்ற பிறகு தண்ணீர் எங்கே போகும்?

வணக்கம். மண்ணில்லாமல் சொட்டுநீரில் வீட்டிலேயே செடி வளர்க்க ஆசைப்படுகிறவர்கள் குழாய், டிரிப்பர் (செடிக்குச் சொட்டுச் சொட்டாக நீர் விடும் முனை) எல்லாவற்றையும் பார்த்துப் பார்த்து வாங்குவார்கள். சத்துநீர்த் தொட்டிக்கு மட்டும் கையில் கிடைத்த வாளி. நானும் அப்படித்தான் செய்தேன், அதுவும் வாளியை ஒரு ஸ்டூல் மேல் வைத்து. ராத்திரி மோட்டாரை நிறுத்திவிட்டுத் தூங்கப் போனேன். காலையில் வாளி காலி, தரையெல்லாம் சத்துநீர். வாளியின் நீர்மட்டம் டிரிப்பரைவிட உயரத்தில் இருந்ததால், குழாயில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த நீர் மோட்டார் இல்லாமலேயே விடிய விடிய இறங்கியிருக்கிறது.

ஆகவே தொட்டி எல்லாவற்றுக்கும் கீழே இருக்கட்டும். அப்புறம் இன்னொரு சிக்கல் வரும்: மோட்டார் நின்றதும் குழாயிலும் செடித்தட்டிலும் இருக்கிற நீர் மொத்தமும் தொட்டிக்கே திரும்பும், அதைத் தாங்கத் தொட்டியின் மேல்பக்கம் காலி இடம் வேண்டும். முதலில் வெறும் தண்ணீர் விட்டு ஓட்டிப் பாருங்கள். ஓடும்போது மட்டம் எதுவரை இறங்குகிறது, நிறுத்தி முழுக்க வடிந்தபின் எதுவரை ஏறுகிறது என்று பார்த்து இரண்டு கோடு போடுங்கள். கீழ்க்கோட்டிலும் மோட்டார் மூழ்கியே இருக்க வேண்டும், மேல்கோட்டிலும் வழியக் கூடாது. திரும்பி வரும் குழாய் போகிற குழாயைவிடப் பருமனாக, சரிவாக இருக்கட்டும், ஏனென்றால் அதில் தண்ணீரைத் தள்ள எந்த மோட்டாரும் இல்லை.

அளவு? நன்கு வளர்ந்த தக்காளிச் செடி ஒன்று வெயில் நாளில் 2 லிட்டருக்கு மேல்கூடக் குடிக்கும். நாலு செடிக்கு 20 லிட்டர் வைத்தால் ஒரே நாளில் பாதிக்குக் கிட்டத்தட்ட காலி. வெயிலில் செடி கரைசலில் உள்ள சத்து உப்பைவிடத் தண்ணீரைத்தான் வேகமாக இழுக்கும் என்பதால் மிச்சமிருக்கும் கரைசல் கெட்டியாகி வேரைச் சுடும். செடிக்கு 10 லிட்டர் என்று வைத்துக்கொண்டு, நாலு செடிக்கு 60 லிட்டர் டிரம் வாங்கினால் மேலே காலி இடமும் கிடைக்கும். மட்டம் குறைந்து ஈசி (கரைசலில் எவ்வளவு உப்பு இருக்கிறது என்று காட்டும் அளவு) ஏறியிருந்தால் வெறும் தண்ணீர் ஊற்றினாலே போதும். பிஎச் (கரைசலின் அமில-கார அளவு) 5.5-க்கும் 6.5-க்கும் நடுவில் இருக்கட்டும்.

தொட்டிக்குள் வெளிச்சம் போனால் பாசி பிடிக்கும். இருட்டறையில் டார்ச்சை உள்ளே போட்டு மூடிப் பாருங்கள், சுவர் மினுமினுத்தால் அது ஆகாது. கறுப்பு டிரம் வெளிச்சத்தைத் தடுக்கும், ஆனால் வெயிலில் கொதிக்கும், மேலே வெள்ளை பெயின்ட் அடித்துவிடுங்கள். 20 டிகிரி நீரில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் ஆக்ஸிஜன் கரைந்திருக்கும் என்றால், 30 டிகிரியில் ஏழரைதான், வேர் அழுகல் வருவது அங்கேதான். காற்று பம்ப் வைக்கிறீர்கள் என்றால் அதை நீர்மட்டத்துக்கு மேலே வையுங்கள். கரண்ட் போனால் அந்தச் சின்ன டியூப் வழியாகவும் தண்ணீர் இறங்கி பம்புக்குள் போய்விடும்.

மோட்டாரை அடியில் உட்காரவைக்காமல் இரண்டு விரல் உயர்த்தி, வலை வடிகட்டியோடு வையுங்கள். அடியில் படிகிற கசடுதான் டிரிப்பரை அடைக்கும். கடைசியாக, அடிப்பக்கம் ஒரு வடிகால் குழாய். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கரைசலை மாற்றும்போது 40 லிட்டரைக் குவளையால் மொண்டு கொட்டிப் பாருங்கள், அப்போது புரியும். அந்தத் துளையைத் தொட்டி வாங்கிய அன்றே போட்டுவிடுங்கள், நிரப்பிய பிறகு நடக்காது.