பரணில் இருப்பவை எங்கே போக வேண்டும்?

(காட்சி: சமையலறைப் பரண். ஏணியில் நிற்கும் ஒருவர், தூசி படிந்த எவர்சில்வர் தூக்குவாளி ஒன்றைக் கீழே இறக்குகிறார்.)

வணக்கம். இந்தத் தூக்குவாளியின் விளிம்பில் என் அம்மாவின் பெயரும் திருமணத் தேதியும் சிறு சிறு புள்ளிகளாக வெட்டப்பட்டிருக்கின்றன. சீராக வந்த பாத்திரங்களில் பெயர் வெட்டி வைப்பது நம் வீடுகளின் வழக்கம். மூடி தொலைந்து இருபது ஆண்டுகள் ஆகியும் இது பரணிலேயே இருந்தது. இதன் பக்கத்தில் பழுதடைந்த மூன்று மிக்ஸி ஜார்கள், கைப்பிடி உடைந்த குக்கர், காலியான பெயின்ட் வாளிகள், ஒரு பெரிய பித்தளை அண்டா, துணிக்கடைக் கட்டைப் பைகளைத் திணித்து வைத்த இன்னொரு கட்டைப் பை ஆகியவையும் இருந்தன. வீட்டில் பொருள்கள் குவிந்தால் ஆசைதான் காரணம் என்று சொல்லிவிடுகிறோம். ஆனால் அந்த மிக்ஸி ஜார்கள் மீது எங்கள் வீட்டில் எவருக்கும் ஆசை இருந்ததில்லை. எங்கே கொடுப்பது என்று தெரியாததால்தான் அவை மேலே ஏறின.

ஒரு தலைமுறைக்கு முன்பு இந்தக் கேள்வியே எழவில்லை. "ஈயம் பித்தளைக்குப் பேரீச்சம்பழம்" என்ற குரல் தெருமுனையில் கேட்டதும் ஓட்டைக் குடமும் துருப்பிடித்த வாளியும் வெளியே வந்துவிடும். பழைய துணிக்குப் பாத்திரம் கொடுப்பவர்கள் கூடையுடன் திண்ணைக்கே வருவார்கள். நைந்த வேட்டி முதலில் குழந்தைக்குத் தூளியாகும், பிறகு அடுப்படியில் கரித்துணியாகும், கடைசியில் இற்றுப்போகும். பிளாஸ்டிக்கும் தெர்மாகோலும் மின்கருவிகளும் வந்த பிறகு அந்த வழிகள் அவற்றுக்குப் போதவில்லை. ஆகவே வீட்டை ஒழுங்குபடுத்த விரும்புகிறவர்கள், எதை விடுவது என்று யோசிப்பதற்கு முன்பே, எது எங்கே போகும் என்று முடிவு செய்துகொள்வது நல்லது.

(காட்சி: மேசை மீது சாதாரணக் காபிக் கோப்பை ஒன்று.)

வழி தெரிந்த பிறகும் மனம் தடுக்கும் என்பது உண்மைதான். டேனியல் கானமன், ஜாக் நெட்ச், ரிச்சர்ட் தேலர் ஆகிய மூவரும் 1990இல் வெளியிட்ட ஆய்வில், மாணவர்களில் பாதிப் பேருக்கு மட்டும் ஒரு காபிக் கோப்பை கொடுக்கப்பட்டது. கோப்பை கிடைத்தவர்கள் அதை விற்பதற்குக் கேட்ட விலை, கிடைக்காதவர்கள் அதை வாங்குவதற்குத் தர முன்வந்த விலையைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்காக இருந்தது. சற்று முன்பு கைக்கு வந்த கோப்பைக்கே இப்படி என்றால், முப்பது ஆண்டுகள் சோறு வடித்த குக்கரை விட மனம் வராததில் வியப்பில்லை. அதனால் பொருளைக் கையில் எடுத்ததும், "இது என்னிடம் இல்லாதிருந்தால் இன்று கடைக்குப் போய் வாங்குவேனா?" என்று கேட்டுப் பாருங்கள். தொடங்கும்போது நினைவுகள் ஒட்டாத பொருள்களிலிருந்து தொடங்குங்கள். முதல் நாளே புகைப்பட ஆல்பத்தைத் திறந்தால் அன்றைய பொழுது அதிலேயே போய்விடும்.

துணிகளைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை தாக்கிய பிறகு, நாடெங்கிலுமிருந்து நாகப்பட்டினத்திற்கு லாரி லாரியாகப் பழைய துணிகள் வந்தன. கிழிந்தவையும் அழுக்கானவையும், அந்த ஊர் மக்கள் உடுத்தவே உடுத்தாத வகைகளும் அவற்றில் கலந்திருந்ததால், பெருமளவு துணி சாலையோரங்களில் குவிந்து வீணாயிற்று. வீட்டையும் உறவையும் இழந்து நின்றவர்களுக்கு நம் வீட்டுக் கழிவை அனுப்பினோம் என்பதை நினைத்தால் இன்றும் வருத்தமாக இருக்கிறது. துவைத்து, பொத்தான் தைத்து, மடித்து, நம் உறவினருக்குக் கூச்சமில்லாமல் கொடுக்கத் தகுந்த நிலையில் இருப்பதை மட்டுமே பிறருக்குக் கொடுக்க வேண்டும். மற்றவை துடைக்கும் துணியாக நம் வீட்டிலேயே பயன்படட்டும். பழைய பட்டுச்சேலை மட்டும் விதிவிலக்கு. அசல் சரிகை என்பது பட்டு நூலின் மேல் வெள்ளி இழையைச் சுற்றித் தங்க முலாம் பூசியது என்பதால், கிழிந்த சேலையாக இருந்தாலும் விவரம் தெரிந்தவரிடம் காட்டி மதிப்பைக் கேட்காமல் ஒரு பாத்திரத்துக்கு மாற்றிவிடாதீர்கள்.

(காட்சி: பழைய கைப்பேசிகள், சார்ஜர்கள், ஒயர்கள்.)

மின்கருவிகளைக் காயலான் கடையில் போடுவது எளிது. ஆனால் செம்புக்காக ஒயரை எரிக்கும்போது எழும் நச்சுப்புகை, எரிப்பவரின் நெஞ்சுக்குள்தான் முதலில் போகிறது. 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள மின்னணுக் கழிவு விதிகள், கருவிகளைத் தயாரிப்பவர்களுக்கே மறுசுழற்சிப் பொறுப்பை அளித்திருக்கின்றன. எனவே தயாரிப்பு நிறுவனத்திடமோ, அங்கீகாரம் பெற்ற சேகரிப்பு மையத்திடமோ கொடுப்பதே முறை. கொடுப்பதற்கு முன் கைப்பேசியில் உள்ள தகவல்களை அழித்துவிடுங்கள். உப்பிய பேட்டரி எளிதில் தீப்பற்றக்கூடியது என்பதால் அதைக் குப்பைத்தொட்டியில் போடவே கூடாது.

போகியன்று கொளுத்திவிடலாம் என்ற எண்ணமும் பலருக்கு இருக்கிறது. பழைய பாயும் துடைப்பமும் எரிந்த காலத்தில் அந்தத் தீ வேறு; டயரும் பிளாஸ்டிக்கும் எரியும் தீ வேறு. 2018ஆம் ஆண்டு போகியன்று, புகையும் பனியும் கலந்து கண்ணை மறைத்ததால் சென்னைக்கு வந்த விமானங்கள் வேறு ஊர்களுக்குத் திருப்பிவிடப்பட்டன. ஆஸ்துமா உள்ள குழந்தைகள் அன்று என்ன பாடுபட்டிருப்பார்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

மொட்டை மாடியைத் தள்ளிப்போடாதீர்கள். அங்கே கிடக்கும் உடைந்த தொட்டியும் டயரும் டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு வீடு. அதன் முட்டைகள் காய்ந்த நிலையிலும் பல மாதங்கள் தாக்குப்பிடித்து, மழைநீர் பட்டதும் பொரிந்து, ஒரு வாரம் பத்து நாளில் கொசுவாகிவிடும்.

காகிதங்களில் மட்டும் அவசரம் வேண்டாம். பழைய மின்கட்டண ரசீதுகளைக் கழிக்கலாம். தாய்ப் பத்திரம் உள்ளிட்ட சொத்து ஆவணங்களும் கல்விச் சான்றிதழ்களும் இராமபாணப் பூச்சி அரிக்காத இடத்தில் இருக்க வேண்டும். கடைகளில் தரும் வழவழப்பான பில்லில் எழுத்து நாளடைவில் மங்கிவிடும் என்பதால், உத்தரவாதம் உள்ள பொருளின் பில்லை உடனே நகலெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

(காட்சி: கூடத்தில் இறக்கி வைக்கப்பட்ட அண்டாவும் தூக்குவாளியும்.)

வீட்டுப் பெரியவர்களின் பொருள்களை அவர்கள் ஊரில் இல்லாதபோது ஒழிப்பது சரியென்று எனக்குத் தோன்றவில்லை. நான் எல்லாவற்றையும் இறக்கி, புளி போட்டுத் துலக்கி, அம்மாவின் முன்னால் வைத்தேன். ஒவ்வொன்றும் எந்த மாமா கொடுத்தது, எந்த விசேஷத்தில் எத்தனை பேருக்குப் பொங்கியது என்று சொல்லிக்கொண்டே வந்தார். பிறகு, "தூக்குவாளி இருக்கட்டும்பா. அண்டாவைக் கோயில் அன்னதானத்துக்குக் கொடுத்துடு" என்றார். அண்டாவை ஈயம் பூச எடுத்துச் சென்றபோது, அதில் வெட்டியிருந்த பெயரைத் தேய்த்து அழித்துவிடலாமா என்று கடைக்காரர் கேட்டார். கைப்பேசியில் அம்மாவிடம் கேட்டுச் சொன்னேன். பெயர் அப்படியே இருக்கிறது.