சர்க்கரை நோயும் ஒரு நொடி வாயுவும்

விழாத் தலைவர் அவர்களே, தலைமையாசிரியர் அவர்களே, ஊராட்சி மன்றத் தலைவர் அம்மா அவர்களே, நேற்றிலிருந்து பந்தலிலேயே கிடக்கும் இளைஞர் மன்றத் தம்பிகளே, பிள்ளைகளை மடியில் வைத்துக்கொண்டு முன்வரிசையில் இருக்கும் தாய்மார்களே, அனைவருக்கும் வணக்கம். பொன்னாடை போர்த்திய பால் கூட்டுறவுச் சங்கச் செயலாளர் அவர்களுக்கு நன்றி. ஊராட்சித் தலைவர் அம்மா இன்னொரு கூட்டத்தைத் தள்ளிவைத்துவிட்டு இங்கே வந்திருக்கிறார்கள். அவர்களுக்குத் தனியாக ஒரு வணக்கம்.

அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு. எந்த மேடை ஏறினாலும் இந்தப் பழமொழியைச் சொல்லித்தான் ஆரம்பிப்பேன். முப்பது ஆண்டு கால்நடை வைத்தியத்தில் இதைக் கண்ணால் பார்த்தவன் நான். இன்றைக்கு இரண்டு செய்திகள். நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயு உடம்பில் சர்க்கரையை எப்படிச் சீராக்குகிறது, எப்படிக் கெடுக்கிறது.

முதலில் ஒரு மாட்டின் கதை. மழை பொய்த்த ஒரு வருஷம். ராத்திரி பதினோரு மணிக்கு ஒரு பையன் சைக்கிளில் வந்து கதவைத் தட்டினான். "டாக்டர் சார், அம்மா உடனே கூட்டிட்டு வரச் சொன்னாங்க, மாடு நிக்க மாட்டேங்குது" என்றான். போய்ப் பார்த்தால் கறவைப் பசு ஒன்று நிற்க முடியாமல் நடுங்குகிறது. வாயைத் திறந்து மூச்சு வாங்குகிறது. அரிக்கேன் விளக்கை வாங்கி ஈறைப் பார்த்தேன், பழுப்பேறிக் கிடந்தது. ஊசியில் ரத்தம் எடுத்தால் சுக்குக் காப்பி நிறம்! அந்த அம்மா சேலைத் தலைப்பை வாயில் பொத்திக்கொண்டு நிற்கிறார்கள். வீட்டுக்கு வருமானம் அந்த ஒரு மாடுதான். என்னம்மா போட்டீங்க என்று கேட்டேன். வாடிக் கிடந்த சோளத்துக்கு இரண்டு தடவை யூரியா போட்டு, அன்றைக்குத்தான் அறுத்துப் போட்டிருக்கிறார்கள். பயிர் வாடும்போது யூரியாவின் சத்து நைட்ரேட்டாகத் தண்டில் தங்கிவிடும். மாட்டின் முதல் வயிற்றில் உள்ள நுண்ணுயிர்கள் அதை நைட்ரைட்டாக மாற்றும். நைட்ரைட் ரத்தத்தில் ஏறினால் ரத்தம் பிராணவாயுவைச் சுமக்காது. மெத்திலீன் புளூ கரைசலைக் கழுத்து நரம்பில் மெதுவாக ஏற்றினேன். அரை மணி நேரத்தில் ஈறு சிவக்க ஆரம்பித்தது. விடியும்போது மாடு நீலமாகச் சிறுநீர் விட்டது. அதைப் பார்த்து அந்த அம்மா அழுதே விட்டார்கள். அது மருந்தின் நிறம் தாயி, பயப்படாதீங்க என்றேன்.

அந்த நைட்ரேட்தான் சிறு அளவில் அமிர்தம். நம் நாக்கில் இருக்கும் பாக்டீரியாவும் அதை நைட்ரைட்டாக்கும். அதிலிருந்து நைட்ரிக் ஆக்சைடு பிறக்கும். இதன் ஆயுள் சில நொடிதான். ரத்தக் குழாயின் உட்சுவரும் அர்ஜினைன் என்ற அமினோ அமிலத்திலிருந்து இதைத் தயாரிக்கிறது. 1980இல் ஃபர்ச்காட் என்ற அமெரிக்க விஞ்ஞானி முயலின் ரத்தக் குழாயில் சோதனை செய்தார். உட்சுவரைத் தேய்த்து எடுத்துவிட்டால் குழாய் தளர மாட்டேன் என்கிறது. தளர்த்துவது இந்த வாயுதான் என்பது பிறகு தெரிந்தது. அவருக்கும் இக்னாரோ, முராத் இருவருக்கும் 1998இல் நோபல் பரிசு கிடைத்தது.

சர்க்கரைக்கும் இதற்கும் என்ன உறவு? இன்சுலின் தசைக்குப் போகிற வழியில் குழாய்ச் சுவரைத் தொட்டு, நைட்ரிக் ஆக்சைடை விடச் சொல்கிறது. குழாய் விரியும். இன்சுலினும் சர்க்கரையும் தசைக்குள் தாராளமாகப் போய்ச் சேரும். இந்த வாயுவைச் செய்யும் இஎன்ஓஎஸ் என்ற நொதி இல்லாமல் பிறக்க வைத்த சுண்டெலிகளுக்கு ரத்த அழுத்தம் ஏறியது, இன்சுலினும் சரியாக வேலை செய்யவில்லை. ஸ்வீடனில் கரோலின்ஸ்கா மருத்துவப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அப்படிப்பட்ட எலிகளுக்குக் குடிதண்ணீரில் கொஞ்சம் நைட்ரேட் கலந்து கொடுத்தார்கள். வயிற்றுக் கொழுப்பு குறைந்தது, சர்க்கரையும் சீரடைந்தது. 2010இல் வந்த ஆய்வு இது.

அப்புறம் நஞ்சுப் பக்கம். உடம்பில் அழற்சி வந்தால் ஐஎன்ஓஎஸ் என்ற இன்னொரு நொதி இதே வாயுவைக் கட்டுக்கடங்காமல் கக்கும். எலியின் கணையத் திட்டுகளில் அப்படி நடந்தபோது, இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்களே நொடிந்துபோயின. அந்த நொதி இல்லாத எலிகளுக்குக் கொழுப்புத் தீனி போட்டுப் பார்த்தார்கள். அவற்றின் தசையில் இன்சுலின் தொடர்ந்து வேலை செய்தது. அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பது இதுதான்.

எலிக்கு நடந்தது மனிதருக்கும் அப்படியே நடக்கும் என்று நான் சொல்லவில்லை. சர்க்கரை மாத்திரையை ஒருவரும் நிறுத்தாதீர்கள். ஆனால் முளைக்கீரை, அரைக்கீரை, பீட்ரூட் இதிலெல்லாம் நைட்ரேட் இருக்கிறது. நம் வீட்டில் என்ன செய்கிறோம்? கீரையை வேகவைத்து, தண்ணீரை அப்படியே வடித்துக் கொட்டிவிடுகிறோம். நைட்ரேட்டில் ஒரு நல்ல பங்கு அந்தத் தண்ணீரோடு போய்விடுகிறது. இரண்டு வருஷமாக ஊர் ஊராகப் போய் நான் கேட்பது ஒன்றுதான், பள்ளிக்கூடத்துக்கு ஒரு கீரைப் பாத்தி. தொழுவுரம் போதும், யூரியா வேண்டாம். அந்தப் பசுவை நினைத்துக்கொள்ளுங்கள்.

இந்தப் பள்ளியின் பின்பக்கம், கைகழுவும் குழாய்க்குக் கீழே, தண்ணீர் வீணாக ஓடுகிற இடத்தைக் காலையில் தலைமையாசிரியர் அவர்களோடு போய்ப் பார்த்தேன். பத்துப் பாத்தி போடலாம். சத்துணவு அமைப்பாளர் அம்மாவும் சமைத்துப் போடச் சம்மதித்துவிட்டார்கள். ஊராட்சித் தலைவர் அம்மா வேலி மட்டும் போட்டுத் தர வேண்டும், ஆடு புகுந்துவிடும். முளைக்கீரை விதை இரண்டு கிலோ கொண்டு வந்திருக்கிறேன். கூட்டம் முடிந்ததும் மேடைக்கு இடதுபக்கம் நிற்பேன், ஆளுக்கு ஒரு பிடி வாங்கிக்கொண்டு போங்கள்.