ஏலத்தில் போன ரோம்

நேயர்களுக்கு வணக்கம். ரோமானியப் பேரரசர்களைப் பற்றிப் பேச வேண்டும் என்றதும் எல்லாருக்கும் நினைவுக்கு வருவது நீரோ பிடில் வாசித்த கதைதான். அந்தக் காலத்தில் பிடில் என்ற வாத்தியமே கிடையாது, அதனால் அதை விட்டுவிடலாம். நான் சொல்லப்போவது ஒரு விற்பனையைப் பற்றி. கி.பி. 193, மார்ச் 28. ரோம் நகரின் ஓரத்தில் பேரரசரின் மெய்க்காவல் படையான பிரிட்டோரியன் படைக்கு ஒரு பெரிய முகாம் இருந்தது. அன்றைக்கு அங்கே சாம்ராஜ்யமே ஏலத்துக்கு வந்தது.

அன்று காலை வரை பேரரசராக இருந்தவர் பெர்டினாக்ஸ். அடிமையாக இருந்து விடுதலை பெற்ற ஒருவரின் மகன், இளமையில் இலக்கண வாத்தியாராக இருந்தவர், அப்புறம் படையில் சேர்ந்து படிப்படியாக மேலே வந்தவர். அவருக்கு முன்னால் ஆண்ட கொமோடஸை 192 டிசம்பர் கடைசி இரவில் கழுத்தை நெரித்துக் கொன்றிருந்தார்கள், கஜானாவும் காலி. பெர்டினாக்ஸ் படைக்கு ஆளுக்கு 12,000 செஸ்டெர்ஸ் (ரோமானிய நாணயம்) தருவதாக வாக்குக் கொடுத்துவிட்டு, கொமோடஸ் சேர்த்து வைத்திருந்த சாமான்களை விற்றுப் பணம் திரட்டினார். அதோடு நிறுத்தியிருந்தால் பிழைத்திருப்பாரோ என்னவோ, படையை ஒழுங்குக்குக் கொண்டுவரவும் பார்த்தார். 87 நாள்தான் ஆண்டார். சுமார் இருநூறு பேர் அரண்மனைக்குள் புகுந்து அவரை வெட்டி, தலையை ஈட்டியில் குத்தி எடுத்துப் போனார்கள்.

அந்த நேரத்தில் பெர்டினாக்ஸின் மாமனார் சுல்பிசியானஸ் முகாமுக்குள்தான் இருந்தார். படையைச் சமாதானப்படுத்த மருமகன் அனுப்பி வைத்த ஆள். மருமகனின் தலை வந்து சேர்ந்ததும் மனிதர் அழவில்லை, ஓடவில்லை, பதவியைத் தனக்குக் கொடுங்கள் என்று பேரம் பேச ஆரம்பித்துவிட்டார். இதற்குள் டிடியஸ் ஜூலியானஸ் என்ற பணக்கார செனட்டர், அதாவது ரோமின் ஆட்சிமன்ற உறுப்பினர், முகாம் வாசலுக்கு வந்து சேர்ந்தார். உள்ளே ஒருவர், வெளியே ஒருவர். 'அவர் இவ்வளவு தருகிறார், நீங்கள் எவ்வளவு?' என்று சிப்பாய்கள் இரண்டு பக்கமும் ஓடி ஓடிக் கேட்டார்கள். சுல்பிசியானஸ் ஆளுக்கு 20,000 வரை வந்துவிட்டார். ஜூலியானஸ் ஒரே தாவலில் 5,000 ஏற்றி 25,000 என்று கத்தி, விரல்களையும் நீட்டிக் காட்டினார். ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம்! கதவு திறந்தது. இதை எழுதி வைத்த காசியஸ் டியோ அப்போது செனட்டில் உட்கார்ந்திருந்தவர், அன்று மாலை பயந்துகொண்டே போய் புதுப் பேரரசருக்கு வாழ்த்துச் சொன்னவர்களில் ஒருவர்.

இந்த ஜூலியானஸைப் பார்த்துச் சிரிக்காத சரித்திர ஆசிரியர் குறைவு. எனக்கு அது கொஞ்சம் அநியாயமாகப் படுகிறது. விலை வைத்தது அவர் இல்லை. ஏற்கெனவே இருந்த விலையை அவர் வெளிப்படையாகக் கத்திச் சொன்னார், அவ்வளவுதான். அந்த விலை எப்போது வைக்கப்பட்டது என்று பார்க்க அகஸ்டஸ் காலத்துக்குப் போக வேண்டும்.

அகஸ்டஸ் அப்போது வெறும் ஆக்டேவியன். ஜூலியஸ் சீசர் கி.மு. 44-ல் குத்திக் கொல்லப்பட்டபோது, உயிலில் தத்துப்பிள்ளையாகப் பெயர் வந்திருந்த பதினெட்டு வயதுப் பையன். அடுத்த வருடமே தனக்குக் கான்சல் என்ற உச்சப் பதவி வேண்டும் என்று எட்டு லீஜியன் (பெரிய படைப்பிரிவு) படையோடு ரோமுக்கு நடந்தான். முன்னதாக அனுப்பிய தூதுக்குழுவில் இருந்த செஞ்சூரியன் என்ற படை அதிகாரி ஒருவன், செனட் தயங்கியபோது மேலங்கியை விலக்கி வாளின் பிடியைக் காட்டி, 'நீங்கள் ஆக்காவிட்டால் இது ஆக்கும்' என்றானாம். ஆக்டேவியனோடு நகருக்குள் வந்த சிப்பாய்களுக்கு ஆளுக்கு 10,000 செஸ்டெர்ஸ் கிடைத்தது. ஒரு சாதாரணப் படைவீரனின் வருடச் சம்பளம் பிற்பாடு 900 ஆக இருந்தது என்பதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இந்தப் பத்தாயிரத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் திரும்ப வரும்.

எதிரிகளையெல்லாம் ஒழித்த பிறகு, கி.மு. 27-ல், இந்த ஆள் ஒரு அபாரமான காரியம் செய்தார். அதிகாரத்தையெல்லாம் செனட்டிடம் திருப்பிக் கொடுப்பதாக அறிவித்தார். செனட் பதறிப்போய் முக்கியமான மாகாணங்களையும் படைகளையும் அவர் கையிலேயே கொடுத்து, அகஸ்டஸ் என்ற பட்டத்தையும் சூட்டியது. சட்டப்படி ரோமில் ராஜாவே கிடையாது! எல்லாம் பழைய குடியரசுதான், தேர்தல் உண்டு, கான்சல்கள் உண்டு. சீசரைக் கொன்ற கத்தி தன் மேல் பாயாமல் அவர் 76 வயது நெருங்கும்வரை வாழ்ந்து படுக்கையில் செத்ததற்கு இந்த நாடகம் முக்கியக் காரணம். ஆனால் ராஜாவே இல்லாத ஊரில் அடுத்த ராஜா யார் என்று எப்படிச் சட்டம் எழுதுவது? எழுதவே இல்லை. முறைப்படி அறிவிக்க முடியாததை அவர் ஜாடையாகக் காட்ட வேண்டியிருந்தது. பேரப்பிள்ளைகள் கையஸ், லூசியஸ் இருவரையும் மகன்களாகத் தத்தெடுத்து, அவர்கள் கேடயமும் ஈட்டியுமாக நிற்கிற மாதிரி வெள்ளிக் காசு அடித்து ஊரெல்லாம் பரப்பினார். நம் கொங்கு நாட்டு மண்ணில் குவியலாகக் கிடைத்த ரோமானியக் காசுகளில் இந்த வகையும் ஏராளம். மிளகு வாங்க வந்த பணத்தோடு வாரிசு விளம்பரமும் கப்பலேறி இங்கே வந்திருக்கிறது. பாவம், லூசியஸ் கி.பி. 2-லும் கையஸ் கி.பி. 4-லும் செத்துப்போனார்கள். வேறு வழியில்லாமல் மனைவியின் மகன் டைபீரியஸைத் தத்தெடுத்தார்.

டைபீரியஸ் காலத்தில் நடந்த ஒரு விஷயம்தான் நம் கதைக்கு வேண்டியது. அதுவரை காவல்படையின் பெரும்பகுதி நகருக்கு வெளியே, பல ஊர்களில் சிதறிக் கிடந்தது. படைத்தலைவன் செஜானஸ் கி.பி. 23 வாக்கில் எல்லாரையும் ஒரே முகாமில் கொண்டுவந்து சேர்த்தான். பின்னால் அவன் தலை உருண்டது, முகாம் இருந்துவிட்டது.

கி.பி. 41 ஜனவரியில், டைபீரியஸுக்கு அடுத்து வந்த பேரரசர் கலிகுலாவைக் குத்திக் கொன்றவர்களும் காவல்படை அதிகாரிகள்தான். அன்றிரவு செனட் கூடி, இனிப் பேரரசரே வேண்டாம், பழைய குடியரசுக்கே போய்விடலாம் என்று பேசியது. காவல் சங்கேதச் சொல்லாக 'சுதந்திரம்' என்று கூடக் கொடுத்தார்கள். பேச்சு நடந்துகொண்டிருக்கும்போதே, அரண்மனைத் திரைக்குப் பின்னால் நடுங்கிக்கொண்டிருந்த கலிகுலாவின் சித்தப்பா கிளாடியஸை சிப்பாய்கள் கண்டுபிடித்து முகாமுக்குத் தூக்கிப் போனார்கள். அவர் ஆளுக்கு 15,000 செஸ்டெர்ஸ் அறிவித்தார். பேச்சு முடிந்தது. காவல்படையின் விசுவாசத்தைக் காசு கொடுத்து வாங்கிய முதல் பேரரசர் இவர்தான் என்று சரித்திர ஆசிரியர் சூட்டோனியஸ் எழுதுகிறார். இதில் வெட்கப்பட எதுவுமில்லை என்பதுபோல கிளாடியஸ் அந்த முகாமின் படத்தையே காசில் போட்டார்!

வாங்க மறுத்தவர் கதியையும் சொல்லிவிடுகிறேன். நீரோ செத்ததும் 68-ல் வந்த கால்பா என்ற கிழவர், தன் பெயரில் வேறொருவர் வாக்குக் கொடுத்திருந்த பணத்தைத் தர மறுத்து, 'நான் சிப்பாய்களைத் தேர்ந்தெடுப்பவன், விலைக்கு வாங்குபவன் இல்லை' என்றார். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. 69 ஜனவரி 15-ல் ரோமின் நடு மன்றத்திலேயே வெட்டினார்கள். அந்த ஒரே வருடத்தில் நான்கு பேரரசர்கள், அதற்குள் நான் போகவில்லை.

சரி, ஜூலியானஸுக்கு வருவோம். சொன்ன பணத்தை அவரால் கொடுக்க முடியவில்லை. தெருவில் ஜனங்கள் கல்லெறிந்தார்கள். எல்லையிலோ மூன்று தளபதிகள் கிளம்பிவிட்டார்கள், அதில் தன்யூப் பக்கம் இருந்த செப்டிமியஸ் செவெரஸ்தான் ரோமுக்குக் கிட்டே. ஜூலியானஸ் அகழி வெட்டச் சொன்னார், சொகுசாகவே இருந்து பழகிய காவல்படைக்கு மண்வெட்டி பிடிக்க வரவில்லை. கப்பற்படை ஆட்களைக் கூட்டி வந்தார், அவர்களுக்குத் தரையில் பயிற்சியே தெரியவில்லை. யானைகளின் மேல் அம்பாரி ஏற்றினார், அவை பாகனையே தள்ளிவிட்டன. டியோ இதையெல்லாம் சிரிப்பை அடக்க முடியாமல் எழுதுகிறார். கடைசியில் செனட்டே மரண தண்டனை விதித்து ஆள் அனுப்பியது. 'நான் என்ன தப்புச் செய்தேன், யாரைக் கொன்றேன்?' என்று கேட்டுக்கொண்டே செத்தார். 66 நாள். நியாயமான கேள்விதான்.

செவெரஸ் காவல்படையை ஆயுதமில்லாமல் ஒரு மைதானத்துக்கு வரச்சொல்லி, சுற்றி வளைத்து, எல்லாரையும் கலைத்து, ரோமிலிருந்து நூறு மைலுக்குள் தலைகாட்டக் கூடாது என்று துரத்தினார். அவர்கள் இடத்தில் தன் ஆட்களை வைத்தார். நல்லது செய்தார் என்று நினைக்கிறீர்கள், இல்லையா? அவரோடு நகருக்குள் வந்த சிப்பாய்கள் உடனே ஒரு கோரிக்கை வைத்தார்கள்: ஆளுக்கு 10,000 செஸ்டெர்ஸ். ஏன் அந்தத் தொகை என்று செனட்டில் பலருக்குப் புரியவில்லை. ஆக்டேவியன் ரோமுக்குள் வந்தபோது கொடுத்தாரே, அதே கணக்கு! இருநூறு வருடம் தாண்டியும் படைக்காரன் அந்தத் தொகையை மறக்கவில்லை. செவெரஸ் 1,000 கொடுத்து அப்போதைக்குச் சமாளித்தார். பின்னால் சம்பளத்தை நன்றாக உயர்த்த வேண்டியிருந்தது, அதற்காக டினாரியஸ் என்ற வெள்ளிக் காசில் வெள்ளி பாதியளவுக்கு இறங்கியது. 211-ல் பிரிட்டனில், இன்றைய யார்க் நகரில், சாகும்போது மகன்கள் இருவருக்கும் சொன்னது: ஒற்றுமையாக இருங்கள், சிப்பாய்களைப் பணக்காரர்களாக்குங்கள், மற்ற யாரையும் சட்டை பண்ணாதீர்கள்.

மூத்தவன் காரகல்லா முதல் புத்தியை வருடம் முடிவதற்குள் மீறி, தம்பி கெட்டாவைத் தாயின் மடியிலேயே கொல்லச் செய்தான். ரத்தம் காய்வதற்குள் அவன் ஓடிய இடம் செனட் இல்லை, காவல்படை முகாம். 'நானும் உங்களில் ஒருவன், உங்களுக்குக் கொடுப்பதற்காகவே உயிர் வாழ நினைக்கிறேன்' என்றான், அள்ளியும் கொடுத்தான். 217-ல் சிரியா பக்கம் ஒரு பயணத்தில், ஒன்றுக்குப் போகக் குதிரையிலிருந்து இறங்கிய நேரத்தில் ஒரு படைவீரன் அவனைக் குத்தினான். தூண்டிவிட்டவர் காவல்படைத் தலைவர் மக்ரினஸ். இத்தனை காலம் பதவியை விற்றுக்கொண்டிருந்த படையின் தலைவர், இந்த முறை வேறு ஆள் தேடாமல் தானே பேரரசர் ஆகிவிட்டார்.

வணக்கம்.