பழைய செயின்சாவோட வெட்டு வேகம்: அரத்துல ஆரம்பிங்க, சிலிண்டரைக் கடைசியா தொடுங்க

வணக்கம் மக்களே. டேபிள் மேல இருக்கிறது ஹஸ்க்வர்னா 61. சிலிண்டர் விட்டம் 48 எம்எம், ஸ்ட்ரோக் 34 எம்எம், கணக்குப் போட்டா 61.5 சிசி. பழைய மாடல், ஆனா பாடி நல்ல கெட்டி. இதை வச்சிருக்கிற பாதிப் பேர் கேக்குறது, "மிஷின் ஓடுது, ஆனா மரத்துல இறங்க மாட்டேங்குது, பவர் ஏத்த என்ன வழி?"ன்னுதான். வழி இருக்கு. ஆனா வரிசை மாறுனா பிஸ்டன் போயிரும்.

முதல்ல செயின். இன்ஜின்ல கை வைக்கிறதுக்கு முன்னாடி ஒரு கட்டையை அறுத்து, கீழே விழுற தூளை உள்ளங்கையில அள்ளிப் பாருங்க. கேமரா கிட்ட காட்டுறேன். இந்தக் கையில இருக்கிறது மாவு மாதிரி. அந்தக் கையில இருக்கிறது சீவல் சீவலா. ரெண்டும் ஒரே மிஷின், ஒரே கட்டை. மாவா வந்தா பல்லு வெட்டலை, தேய்க்குதுன்னு அர்த்தம். இந்த நிலையில சைலன்ஸரைப் பிரிச்சு என்ன பிரயோஜனம்?

இது 3/8 பிட்ச் செயின் (பிட்ச்னா செயின் கண்ணிகளோட இடைவெளி அளவு, இஞ்ச்ல), இதுக்கு 5.5 எம்எம் உருண்டை அரம். சின்ன மிஷின்ல வர்ற .325 பிட்சுக்கு 4.8. வழக்கமான கோணம் 30 டிகிரி. சீமைக்கருவேலம், புளி மாதிரி காய்ஞ்ச கெட்டி மரத்துக்கு 25 டிகிரி வச்சா முனை சீக்கிரம் மழுங்காது. எல்லாப் பல்லும் ஒரே நீளத்துல இருக்கணும். ஒரு பக்கப் பல்லு நீளம், மறுபக்கம் கட்டைன்னா வெட்டு வளைஞ்சு போகும், பார் (செயின் சுத்தி ஓடுற நீளத் தகடு) உள்ளே சிக்கும், நாம பவர் இல்லைன்னு நினைச்சுப்போம்.

ஒவ்வொரு பல்லுக்கும் முன்னாடி ஒரு சின்ன மேடு இருக்கே, அது எவ்வளவு ஆழம் கடிக்கணும்னு முடிவு பண்றது. பல்லு முனையை விட 0.65 எம்எம் கீழே இருக்கணும். பல்லை மட்டும் பத்து தடவை அரம் போட்டுட்டு மேட்டைத் தொடாம விட்டா, பிளேடு மாதிரி கூர்மையா இருந்தாலும் மரத்துல வழுக்கிட்டே போகும். அதுக்காக 1 எம்எம்னு தாறுமாறா இறக்கினா, கடிச்சு கடிச்சு நின்னு, மிஷின் கையை உதைக்கும். அளவு தகடு ஒண்ணு வாங்கிக்கோங்க, கண் அளவு இங்க எடுபடாது. தென்னை, பனை, வேரோட மண் ஒட்டுன கட்டைன்னா கூர் மூலை உள்ள ஃபுல் சிசெல் வேண்டாம், மூலை உருண்ட செமி சிசெல் போடுங்க. கொஞ்சம் மெதுவா வெட்டும், ஆனா மதியம் வரைக்கும் தாங்கும்.

அடுத்து பார் நீளம். 61 சிசிக்கு 24 இஞ்ச் பார் மாட்டி ஓட்டுறவங்க நிறைய. அதுல 84 டிரைவ் லிங்க், அதாவது பார் பள்ளத்துல ஓடுற செயின் கண்ணி. 18 இஞ்ச்ல 68தான். 16 லிங்க் எடையும் உராய்வும் சும்மாவே குறையுது. உங்க மரம் ஒன்றரை அடிக்குள்ளதான்னா, பாரைச் சின்னதாக்குறதுதான் இருக்கிறதுலயே மலிவான மாடிஃபிகேஷன். செயினை ஓட்டுற பல்சக்கரம், அதான் ஸ்ப்ராக்கெட், அது பல்லுல அரை எம்எம் பள்ளம் விழுந்திருந்தா மாத்திருங்க, இல்லேன்னா புதுச் செயினும் சீக்கிரம் வீணாகும். 7 பல்லு ஸ்ப்ராக்கெட்டுக்குப் பதிலா 8 பல்லு போட்டா செயின் வேகம் 14 சதவீதம் ஏறும், 9,000 ஆர்பிஎம்ல நொடிக்கு 19.5 மீட்டர் சுமார் இருக்கிறது 22 தாண்டும். ஆனா இழுவை அதே அளவு குறையும். மென்மரம், சின்ன பார், நல்ல கம்ப்ரஷன், இந்த மூணும் இருந்தா 8. கெட்டி மரத்துக்கு 7லயே இருங்க.

இப்போ இன்ஜின். ஏத்துறதுக்கு முன்னாடி, இருக்க வேண்டியது இருக்கான்னு பார்க்கணும். பிளக்கைக் கழட்டி கம்ப்ரஷன் கேஜ் மாட்டி, ஆக்சிலேட்டரை முழுசா பிடிச்சுக்கிட்டு ஆறு தடவை கயிறு இழுங்க. 150 பிஎஸ்ஐ வந்தா சந்தோஷம். 120க்குக் கீழேன்னா ரிங் வேலை இருக்கு. அப்புறம் சைலன்ஸரைக் கழட்டி டார்ச் அடிச்சு எக்ஸாஸ்ட் ஓட்டை வழியா பிஸ்டனைப் பாருங்க. இதோ, லைட் படுற இடத்தைக் கவனிங்க. மிஷின் போட்ட மெல்லிய கோடு பிஸ்டன்ல இன்னும் தெரியுது, நல்ல பிஸ்டன். நெட்டுக்கு நெட்டா கீறல், சாம்பல் நிறத்துல ஈயம் பூசின மாதிரி இருந்தா, ஏற்கெனவே ஒரு தடவை சூட்டுல சிலிண்டரோட பிடிச்ச பிஸ்டன்.

காத்து லீக்கையும் இப்பவே பாருங்க. ஐடில்ல ஏறி ஏறி இறங்குறது, மிஷினைச் சாய்ச்சா ரேஸ் மாறுறது, ஆக்சிலேட்டரை விட்டும் உடனே இறங்காம இழுத்துக்கிட்டே இருக்கிறது, இதெல்லாம் கிராங்க் சீல் போனதுக்கோ கார்புரேட்டர் ரப்பர் வெடிச்சதுக்கோ அடையாளம். ரெண்டு பக்கமும் ஓட்டையை அடைச்சு அரை பார் பிரஷர் ஏத்தி, சோப்புத் தண்ணி தடவினா குமிழி காட்டிக் கொடுத்துரும். வேக்கம் வச்சும் பாருங்க, சில சீல் வெளியே விடாது, உள்ளே இழுக்கும். லீக் இருக்கிற மிஷினை ட்யூன் பண்றது ஓட்டைக் குடத்துல தண்ணி பிடிக்கிற வேலை.

எல்லாம் சரின்னா சைலன்ஸர். பழைய மிஷின்ல நியாயமா பலன் கிடைக்கிற இடம் இதுதான். எரிஞ்ச புகை வெளியே போக வழி சின்னதா இருந்தா, புதுப் பெட்ரோல் உள்ளே வர இடமில்லை. எவ்வளவு திறக்கலாம்? சிலிண்டர்ல இருக்கிற எக்ஸாஸ்ட் ஓட்டையை அளங்க. உதாரணத்துக்கு 34க்கு 16 எம்எம்னு வைங்க, 544 சதுர எம்எம். சைலன்ஸர் வாய் மொத்தம் அதுல முக்கால் பங்கு, 400 சுமார் போதும். ஏற்கெனவே 14க்கு 14ல ஒரு வாய் இருந்தா அது 196. 16 எம்எம்ல இன்னொரு ஓட்டை போட்டா 201 சேரும். முடிஞ்சது. அதுக்கு மேல திறந்தா சத்தம்தான் ஏறும், இழுவை ஏறாது.

ஓட்டை போடும்போது சைலன்ஸர் கையில இருக்கணும், மிஷின்ல இல்ல. ஒரே ஒரு இரும்புச் சீவல் சிலிண்டருக்குள்ள போனா ரிங்கும் பூச்சும் சேர்ந்து போயிரும். புதுவாய் டேங்க் பக்கமோ, செயின் கவர் பிளாஸ்டிக் பக்கமோ, உங்க கைப் பக்கமோ பார்க்கக் கூடாது. பைப் துண்டு வச்சு முன்பக்கமா திருப்பி வெல்ட் பண்ணுங்க. தீப்பொறி வலையைத் தூக்கி எறியாதீங்க, புதுவாய்க்கும் வலை வைங்க. சித்திரை வெயில்ல காய்ஞ்ச புல்லு மேல நின்னு அறுக்கும்போது ஒரு பொறி போதும்.

இங்கதான் நிறைய மிஷின் சாகுது, காதைக் கொடுங்க. வாயைத் திறந்துட்டு கார்புரேட்டரைத் தொடாம ஓட்டினா, காத்து அதிகமாவும் பெட்ரோல் கம்மியாவும் உள்ளே போகும். முதல் பத்து நிமிஷம் சூப்பரா சீறும். அந்தச் சீறல்லதான் ஏமாறுறோம். பெட்ரோலோட வர்ற ஆயில்தான் பிஸ்டனுக்கு உயவு, பெட்ரோல் குறைஞ்சா ஆயிலும் குறையுது, சூடும் ஏறுது. எக்ஸாஸ்ட் பக்கம் பிஸ்டன் பிடிக்கும்.

அதனால கார்புரேட்டர்ல முழு ரேஸ் பெட்ரோலுக்கான ஹெச் ஸ்க்ரூவை இடது பக்கமா கால் சுத்து திறந்துட்டுத்தான் ஸ்டார்ட். கீழ் ரேஸுக்கான எல் ஸ்க்ரூவை ஐடிலுக்கும் பிக்கப்புக்கும் சரி பண்ணிட்டு, நல்லா சூடானதும் முழு ரேஸ் கொடுங்க. கட்டையில வைக்காம முழு ரேஸ்ல "பர்ர்ர்"னு உடைஞ்ச மாதிரி சத்தம் வரணும். கட்டையில வச்சு லோடு ஏறினதும் அந்தச் சத்தம் சுத்தமாகணும். தூக்கினதும் மறுபடி பர்ர். இதுதான் சரியான இடம். வெறும் ரேஸ்லயே "வீஈஈ"ன்னு கத்தினா பெட்ரோல் கம்மி, உடனே நிறுத்துங்க. டேக்கோமீட்டர் இருந்தா மேனுவல்ல போட்டிருக்கிற உச்சத்துக்கு 500 கீழேயே வைங்க.

நம்ம ஊர்ல இப்போ பங்க்ல வர்றது இ20, அதாவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். இது பழைய மிஷினுக்கு நேரடியா சம்பந்தப்பட்ட விஷயம். ஒரு கிலோ பெட்ரோல் எரிய 14.7 கிலோ காத்து வேணும், எத்தனாலுக்கு 9 கிலோதான். அப்போ அதே ஜெட்ல இ20 ஊத்தினா, கலவை தானாவே பெட்ரோல் கம்மிப் பக்கம் சாயும். எத்தனையோ வருஷம் முன்னாடி வச்ச செட்டிங் இன்னைக்குச் செல்லாது, ஹெச் இன்னும் கொஞ்சம் திறக்கணும். டேங்க்ல மிச்சம் வச்சுட்டு மாசக்கணக்குல போட்டா எத்தனால் ஈரத்தை இழுத்து வச்சுக்கும், பழைய ரப்பர் குழாயும் டயாஃப்ரமும் ஊறிப் போகும். வேலை முடிஞ்சதும் காலி பண்ணி, ஓடவிட்டு நிறுத்துங்க. ஆயில் லிட்டருக்கு 25 மில்லி, அதாவது 40க்கு 1. செயின்சாவுக்குன்னு வர்ற நல்ல 2டி ஆயிலா ஊத்துங்க. ஆயிலைக் கூட்டினா பாதுகாப்புன்னு 60 மில்லி ஊத்துறவங்க இருக்காங்க. கரி கட்டும். அதோட அந்த ஆயில் பெட்ரோல் இடத்தைப் பிடிக்கிறதால கலவையும் மாறும்.

இக்னிஷன்ல காயிலுக்கும் ஃப்ளைவீலுக்கும் இடைவெளி 0.3 எம்எம், ஒரு விசிட்டிங் கார்டு கனம். டைமிங் ஏத்தணும்னா ஃப்ளைவீலைச் சுத்துற திசையிலயே கொஞ்சம் முன்னாடி நகர்த்தணும். ஷாஃப்ட் 12 எம்எம்னா, ஃப்ளைவீலை அதுல பூட்டுற சாவியில அரை எம்எம் தேய்ச்சா 5 டிகிரி பக்கம் வந்துரும். நான் சொல்றது 3 டிகிரி, அதுக்கு மேல ஸ்டார்ட் கயிறு விரலைப் பிடுங்கும், சூடும் ஏறும். உண்மையைச் சொன்னா, இது செய்யாமலே விடலாம்.

கடைசியா கம்ப்ரஷன். சிலிண்டர் அடி பேக்கிங்கை எடுத்துட்டா ஏறும்னு கேள்விப்பட்டிருப்பீங்க. எடுக்கிறதுக்கு முன்னாடி அளங்க. ரேடியோக் கடையில கிடைக்கிற சால்டரிங் ஈயம், 1.5 எம்எம் கனம். பிளக் ஓட்டை வழியா, பிஸ்டன் பின் இருக்கிற திசையில, சிலிண்டர் சுவரைத் தொடுற வரைக்கும் விட்டு, கையால ஒரு சுத்து சுத்துங்க. நசுங்கின முனையை வெர்னியர்ல பாருங்க. இதுல 1.0 எம்எம், பிஸ்டனுக்கும் சிலிண்டர் தலைக்கும் உள்ள இடைவெளி அதுதான். மறுபக்கமும் 1.0. பேக்கிங் 0.5. எடுத்தா மிச்சம் 0.5, அதுதான் எல்லை. உங்களுக்கு 0.8 வந்தா பேக்கிங்கை எடுக்காதீங்க, 0.3ல பிஸ்டன் முழு ரேஸ்ல தலையை முட்டும். எடுக்கிற இடத்துல பெட்ரோல் தாங்குற சீலன்ட் மெல்லிசா தடவுங்க. பாத்ரூம் சிலிகான் பெட்ரோல்ல ஊதிப் போகும். சிலிண்டர் அரை எம்எம் இறங்கினா எக்ஸாஸ்ட் 2 டிகிரி சுமார் தாமதமா திறக்கும், கீழ் ரேஸ் இழுவைக்கு அது நல்லதுதான்.

பிஸ்டன் போயிருச்சுன்னா பைக் பட்டறையில போரிங் போட்டுத் தரச் சொல்லாதீங்க. இந்த அலுமினிய சிலிண்டர் உள்ளே பூச்சு போட்டது, போரிங் போட்டா பூச்சு போச்சு. 61க்கு இருக்கிற நல்ல விஷயம், ஹஸ்க்வர்னாவோட பெரிய மாடல் 272 எக்ஸ்பி சிலிண்டர் இதே கிராங்க் கேஸ்ல உட்காரும். 52 எம்எம் விட்டம், அதே 34 ஸ்ட்ரோக், 72.2 சிசி. எப்படியும் புது செட் வாங்கப் போறீங்கன்னா இதுதான் புத்திசாலித்தனம். வெளிச் சந்தை செட்டுன்னா ஓட்டை விளிம்பை விரலால தடவிப் பாருங்க, கூரா இருந்தா ரிங் மாட்டி உடையும், மெல்லிய அரம் வச்சு உருட்டி விடுங்க. பிஸ்டன் அம்புக்குறி எக்ஸாஸ்ட் பக்கம். கார்புரேட்டர் மறுபடி முதல்ல இருந்து ட்யூன்.

சரி, பலன் இருக்கான்னு காதை நம்பாதீங்க, ஸ்டாப்வாட்ச் வைங்க. ஒரே கட்டை, ஒரே செயின், மூணு வில்லை, மிஷினை அமுக்காம அதோட எடையில விடணும். மாத்துறதுக்கு முன்னாடி ஒரு தடவை, ஒவ்வொரு மாத்தத்துக்கு அப்புறமும் ஒரு தடவை. ரெண்டு மாத்தத்தை ஒண்ணா பண்ணா எது வேலை செஞ்சதுன்னே தெரியாது. முதல் டேங்க் முடிஞ்சு ஆறினதும் சைலன்ஸர் போல்ட்டை மறுபடி இறுக்குங்க, கண்டிப்பா லூஸ் ஆகியிருக்கும். செயின் பிரேக் பிடிக்குதான்னும் பாருங்க, வேகம் ஏறின செயினை நிறுத்த வேண்டியது அந்தப் பட்டைதான்.

இப்போ காது மூடியை மாட்டிக்கிறேன், அந்த வேப்பங்கட்டையை வைக்கிறேன். வாட்ச் ஆன்.