நைட்ரிக் ஆக்சைடு பகையே!

நடுவர் அவர்களே, வேலூர்ப் பெருமக்களே, "புற்றுநோயில் நைட்ரிக் ஆக்சைடு நட்பா, பகையா?" என்னும் தலைப்பில், நம் உடலே உண்டாக்கும் அந்த வாயு பகையே என்று வாதிட வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர் நெஞ்சுவலிக்கு நாக்கடியில் வைக்கும் மாத்திரையைச் சொல்லி, அது தரும் நைட்ரிக் ஆக்சைடு உயிர் காக்கவில்லையா என்று கேட்டார். காக்கிறது, குடியாத்தத்தில் என் பெரியப்பாவின் சட்டைப்பையில் பீடிக்கட்டு இருந்த இடத்தில் இன்று சார்பிட்ரேட் என்னும் அந்த மாத்திரை அட்டைதான் இருக்கிறது. இரத்தக்குழாயைத் தளர்த்தி விரிப்பது அந்த வாயுவின் வேலை என்று கண்டறிந்த மூவருக்கு 1998-இல் நோபல் பரிசும் கிடைத்தது. ஆனால் இதயத்துக்குச் செய்யும் அதே ஊழியத்தை அது புற்றுக்கட்டிக்கும் செய்கிறது என்பதை அவர் சொல்லாமல் விட்டுவிட்டார். கோடையில் பாலாற்று மணலில் ஊற்றுத் தோண்டி நீர் எடுப்பதுபோல, கட்டி தன்னைச் சுற்றிப் புதுக் குழாய்களை வரவழைத்து இரத்தம் உறிஞ்சுகிறது. அதற்கு உதவும் மண்வெட்டிகளில் ஒன்று இந்த வாயு.

மேக்ரோபேஜ் என்னும் வெள்ளணு இதே வாயுவைக் கொண்டு புற்றணுவைக் கொல்கிறது என்பதும் மெய்யே. அங்கே அளவு மிகுதி. கட்டியோ ஆர்ஜினின் என்னும் அமினோ அமிலத்தைக் கொண்டு இந்த வாயுவைத் தானே தயாரித்துக்கொள்கிறது. அந்தக் குறைந்த அளவு அதைக் கொல்வதில்லை, வளர்க்கிறது. தன் அடுப்பில் தனக்கே நஞ்சு சமைப்பார் உண்டா?

அடுத்து, 2006-இல் வெளியான ஜப்பானிய ஆய்வைக் காட்டிக் கைதட்டல் வாங்கினார். நுரையீரல் புற்றுநோயாளர் 120 பேரில், கீமோதெரபியுடன், உடலில் நைட்ரிக் ஆக்சைடு தரும் நைட்ரோகிளிசரின் மருந்துப் பட்டையையும் தோலில் ஒட்டியவர்களில் 72 விழுக்காட்டினருக்குக் கட்டி சுருங்கியது, ஒட்டாதவர்களில் 42 என்பது உண்மை. ஆனால் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 372 பேரை வைத்துச் சோதித்து 2015-இல் வெளியிட்ட முடிவில் அந்தப் பயன் காணப்படவில்லை. பட்டை ஒட்டியவர்களுக்குத் தலைவலிதான் கூடியது. இதை ஏன் மறைத்தார்?

மறுபக்கம் பாருங்கள். வழக்கமான கீமோதெரபிக்கு அடங்காத ஒருவகை மார்பகப் புற்றுக்கு, நைட்ரிக் ஆக்சைடு உற்பத்தியைத் தடுக்கும் எல்-என்எம்எம்ஏ என்னும் மருந்தை டோசிடாக்செல் என்னும் கீமோதெரபி மருந்துடன் கொடுத்த ஆய்வு 2021-இல் வந்தது. வாயு குறைந்தால் இரத்த அழுத்தம் ஏறும் என்பதால், நம் வீடுகளில் பெரியவர்கள் காலையில் விழுங்கும் அம்லோடிபினையும் சேர்த்தே கொடுத்தார்கள். மதிப்பிடப்பட்ட 24 பேரில் 11 பேருக்குக் கட்டி சுருங்கியது. சிறிய ஆய்வுதான், ஒப்பிட்டுப் பார்க்க மறுகுழுவும் இல்லை; ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும், நண்பனைக் கட்டிப்போட்ட பிறகு நோய் எப்படிப் பின்வாங்கியது என்பதற்கு எதிரணியின் அடுத்த பேச்சாளர் விடை சொல்லட்டும்.